சாக்லேட்டில் எழுதப்படாத கூலி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சாக்லேட்டுக்கும் குழந்தை உழைப்புக்கும் உள்ள தொடர்பைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் சில கேள்விகள் திரும்பத் திரும்ப வருகின்றன. அவற்றில் பாதி நியாயமான சந்தேகங்கள். மீதி, எப்படியாவது மனச்சாட்சியைச் சமாதானப்படுத்திக்கொள்ளும் ஆசையில் பிறப்பவை. இரண்டுக்கும் சேர்த்தே இங்கே பதில்.

இது எந்த ஊர் விஷயம்?

மேற்கு ஆப்பிரிக்கா. உலகில் விளையும் கோகோவில் ஏறத்தாழ 60 விழுக்காடு ஐவரி கோஸ்ட், கானா ஆகிய இரண்டே நாடுகளிலிருந்து வருகிறது. கோட் டிவ்வார் என்பதுதான் முதல் நாடு தனக்கு விரும்பும் பெயர். நம் பத்திரிகைகள் ஐவரி கோஸ்ட் என்றே எழுதிப் பழகிவிட்டதால் இங்கும் அப்படியே.

கோகோத் தோட்டம் என்றதும் நம் கண்ணுக்கு முன் வால்பாறை வந்து நிற்கும்: ஒரு கம்பெனி, ஆயிரக்கணக்கான ஏக்கர், வரிசை வரிசையாகத் தொழிலாளர் குடியிருப்பு. அந்தப் படத்தை முதலில் அழித்துவிடுங்கள். அங்கே கோகோ விளைவது ஏழெட்டு ஏக்கர் வைத்திருக்கும் குடும்பங்களின் நிலத்தில். அப்படிப்பட்ட சிறு விவசாயிகள் ஏறத்தாழ 20 லட்சம் பேர். இந்தச் சிக்கலின் பாதி முடிச்சு இந்த ஒரு தகவலில் இருக்கிறது.

எத்தனை குழந்தைகள் வேலை செய்கிறார்கள்?

அமெரிக்க அரசின் பணத்தில் சிகாகோ பல்கலைக்கழகத்தின் நார்க் ஆய்வு நிறுவனம் 2018-19 பருவத்தில் கணக்கெடுத்து, 2020 அக்டோபரில் அறிக்கை வெளியிட்டது. இரு நாடுகளிலும் சேர்த்து 15.6 லட்சம் குழந்தைகள். அவர்களில் 14.8 லட்சம் பேர் செய்தது ஆபத்தான வேலை. கோகோ விளையும் பகுதிகளில் உள்ள விவசாயக் குடும்பங்களை மட்டும் எடுத்துக்கொண்டால், குழந்தைகளில் 45 விழுக்காட்டினர். பத்து ஆண்டுகளுக்கு முன் அது 31 விழுக்காடாக இருந்தது.

இந்த அறிக்கையில் பலர் கவனிக்காத இன்னொரு செய்தியும் உண்டு. அதே பத்தாண்டில் பள்ளிக்குப் போகும் பிள்ளைகளின் எண்ணிக்கையும் கூடியது. ஐவரி கோஸ்டில் 58 விழுக்காட்டிலிருந்து 80க்கு, கானாவில் 89லிருந்து 96க்கு. பள்ளியும் கூடியது, வேலையும் கூடியது. அதாவது, பையைக் கழற்றி வைத்துவிட்டுக் கத்தியை எடுக்கிறார்கள். 'பள்ளிக்கூடம் கட்டினால் எல்லாம் சரியாகிவிடும்' என்று நம்பியவர்களுக்கு அந்த எண்கள் ஒரு குட்டு. கோகோ விளைச்சல் அந்தப் பத்தாண்டில் 60 விழுக்காட்டுக்கு மேல் பெருகியது. காய் பறிக்கக் கை வேண்டுமே.

விவசாயி வீட்டுப் பிள்ளை அப்பாவுக்கு ஒத்தாசையாக இருப்பது தவறா? நாமும் களை பறித்து வளர்ந்தவர்கள்தானே?

தவறில்லை. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் தவறு என்று சொல்லவில்லை. வயதுக்கேற்ற வேலை, பள்ளி நேரம் போக மீதி நேரத்தில், உடம்புக்குக் கெடுதல் இல்லாமல் செய்தால் அது வளர்ப்பின் ஒரு பகுதி. மேலே சொன்ன 15.6 லட்சத்தில் அப்படிப்பட்ட பிள்ளைகள் சேரவில்லை.

கோகோ வேலை என்னவென்று பார்த்தால் வேறுபாடு விளங்கும். கோகோக் காய் கிளை நுனியில் தொங்குவதில்லை. அடிமரத்திலும் தடித்த கிளைகளிலும் பலாக்காய்போல் ஒட்டிக்கொண்டிருக்கும். இழுத்துப் பறித்தால் அடுத்த பூ வரும் இடம் பாழாகிவிடும். அதனால் கத்தியால் காம்பை அறுக்க வேண்டும், உயரத்தில் இருந்தால் கம்பில் கட்டிய கொக்கியால். பறித்ததைக் குவித்து, ஒவ்வொன்றாக ஒரு கையில் பிடித்துக்கொண்டு மறுகையிலுள்ள வெட்டுக்கத்தியால் பிளக்க வேண்டும். கொஞ்சம் ஆழமாக இறங்கினால் பிடித்திருக்கும் கை. உள்ளே வெள்ளைச் சதையோடு இருக்கும் முப்பது நாற்பது கொட்டைகளை வழித்தெடுத்து, வாழை இலை போட்டு மூடி, ஆறேழு நாள் புளிக்க வைத்து, பிறகு வெயிலில் ஒரு வாரம் காய வைக்க வேண்டும். ஒரு கிலோ காய்ந்த கொட்டைக்கு இருபதுக்கும் மேற்பட்ட காய்கள். ஓர் ஆண்டு விளைச்சலுக்கு ஒரு குடும்பம் ஏறத்தாழ முப்பதாயிரம் காய்களைப் பிளக்கிறது.

இதோடு புதர் எரிப்பு, பூச்சிமருந்து தெளிப்பு, மூட்டை சுமப்பு. தன் உடல் எடையில் 30 விழுக்காட்டுக்கு மேல் சிறுவர்கள் நெடுந்தூரம் சுமக்கக் கூடாது என்று கானாவின் விதிகள் சொல்கின்றன. முப்பது கிலோ எடையுள்ள பத்து வயதுப் பையனுக்கு அது ஒன்பது கிலோ. ஈரக் கொட்டை நிரம்பிய கூடை எதுவும் ஒன்பது கிலோவில் நிற்பதில்லை.

அப்படியானால் 'சாக்லேட் அடிமைகள்' என்று செய்திகளில் வருவது கட்டுக்கதையா?

இல்லை. மாலி, புர்கினா ஃபாசோ போன்ற ஏழை அண்டை நாடுகளிலிருந்து சிறுவர்களைத் தரகர்கள் கூட்டிவந்து ஐவரி கோஸ்ட் தோட்டங்களில் விடுவது நடந்திருக்கிறது, நடக்கிறது. ஆனால் அவர்கள் மொத்தத்தில் சிறு பகுதி. பெரும்பாலான பிள்ளைகள் சொந்தக் குடும்பத்தின் நிலத்தில்தான் வேலை செய்கிறார்கள். இரண்டையும் ஒன்றாகக் குழப்பினால் மருந்து மாறிவிடும். கடத்தலுக்கு மருந்து போலீஸ். சொந்த மகனை வயலுக்கு அழைத்துப்போகும் ஏழைத் தகப்பனுக்குப் போலீஸ் மருந்தாகாது.

கடத்தப்பட்டவர்களுக்கு நீதிமன்றத்தில் என்ன கிடைத்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். சிறுவயதில் தங்களை மாலியிலிருந்து கடத்திக் கொண்டுபோய்த் தோட்டங்களில் அடைத்து வேலை வாங்கினார்கள் என்று ஆறு பேர், நெஸ்லே, கார்கில் நிறுவனங்கள்மீது அமெரிக்காவில் தொடர்ந்த வழக்கு 2005-ல் தொடங்கியது. பதினாறு ஆண்டு இழுத்து, 2021 ஜூன் 17 அன்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 8க்கு 1 என்ற கணக்கில் நிறுவனங்களுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. குற்றம் நடந்தது வெளிநாட்டில். அமெரிக்காவில் எடுத்த பொதுவான வணிக முடிவுகளை மட்டும் வைத்து, வெளிநாட்டவர் அங்கே வழக்குத் தொடர இடம்தரும் சட்டத்தின்கீழ் வழக்காட முடியாது என்பது காரணம். கொடுமை நடக்கவில்லை என்று நீதிமன்றம் சொல்லவில்லை. கதவு இதுவல்ல என்று சொன்னது.

விவசாயி பெரியவர்களைக் கூலிக்கு வைத்துக்கொள்ளக் கூடாதா?

இந்தக் கேள்வியில்தான் எல்லாம் இருக்கிறது. கணக்குப் போட்டே பார்ப்போம்.

ஏழரை ஏக்கர், அதாவது மூன்று ஹெக்டேர். ஹெக்டேருக்கு 450 கிலோ என்று வைத்தால் ஆண்டுக்கு 1,350 கிலோ. ஐவரி கோஸ்ட் அரசு 2020 அக்டோபரில் அறிவித்த கொள்முதல் விலை கிலோவுக்கு 1,000 சி.எஃப்.ஏ. பிராங்க். மொத்தம் 13.5 லட்சம் பிராங்க். பெரிதாகத் தெரிகிறது, யூரோவுக்கு 656 பிராங்க் என்பது நிலையான மாற்று விகிதம், ஆக ஏறத்தாழ 2,060 யூரோ. அன்றைய மதிப்பில் ஒரு லட்சத்து எண்பதாயிரம் ரூபாய். மாதம் பதினைந்தாயிரம். வீட்டில் ஏழு பேர். இதிலிருந்து மருந்து, உரம், சாக்கு, வண்டிச் சத்தம் எல்லாம் போக வேண்டும். ஆறு மாதம் கழித்து, 2021 ஏப்ரலில், அதே அரசு விலையை 750 பிராங்காகக் குறைத்தது.

இந்தக் கணக்கில் கூலியாள் எங்கே உட்காருவார்? கணக்கில் இடமில்லாத அந்த ஆள்தான் மகன். அவனுடைய கூலி எந்த நோட்டிலும் ஏறுவதில்லை. விலை எவ்வளவு போதாமல் இருக்கிறதோ அவ்வளவையும் அவன் தோள் தாங்குகிறது.

நிலம் சொந்தமில்லாதவர் நிலை இன்னும் மோசம். நம் ஊரில் வாரத்துக்கு உழுவதுபோல் கானாவில் அபுனு, அபுசா என்று இரண்டு முறைகள் உண்டு. அபுனு பாதிக்குப் பாதி. அபுசாவில் பாடுபடுகிறவருக்கு மூன்றில் ஒரு பங்குதான். மேலே போட்ட கணக்கை மூன்றால் வகுத்துப் பாருங்கள்.

சாக்லேட் விலையில் விவசாயிக்கு எவ்வளவு போகிறது?

நூறு ரூபாய்ச் சாக்லேட்டில் ஆறேழு ரூபாய் என்பது பொதுவாகச் சொல்லப்படும் மதிப்பீடு.

2024-ல் கோகோ விலை விண்ணைத் தொட்டதே, விவசாயிகள் பணக்காரர்களாகியிருக்க வேண்டுமே?

ஏறியது உண்மை. வீக்கத் தண்டு வைரஸ் நோய், காய் அழுகல், தாறுமாறான மழை எல்லாம் சேர்ந்து விளைச்சலைக் கவிழ்த்ததில், 2024 டிசம்பரில் டன் விலை 12,000 டாலரைத் தாண்டியது. ஆனால் இரு நாடுகளிலும் அரசு அமைப்புகள் விளைச்சலின் பெரும்பகுதியை ஓராண்டு முன்பே விற்று, அதை வைத்து விவசாயிக்கு விலை நிர்ணயிக்கின்றன. சந்தை ஏறியபோது விவசாயியின் கொட்டை பழைய விலைக்கு ஏற்கெனவே விற்றாகிவிட்டது. நோயில் மரமே போனவருக்கு விற்கக் கொட்டையும் இல்லை. ஐவரி கோஸ்டில் கொள்முதல் விலை படிப்படியாக ஏறி 2025 அக்டோபரில் 2,800 பிராங்கைத் தொட்டபோது, உலகச் சந்தை இறங்கத் தொடங்கியிருந்தது. அந்த ஆண்டு முடிவதற்குள் உச்ச விலையில் பாதிக்கும் கீழே வந்துவிட்டது.

விலை கூடினால் குழந்தை வேலை தானாகக் குறையும் என்று நான் சொல்லவில்லை. நல்ல விலை வந்தால் இன்னும் இரண்டு ஏக்கர் காட்டை அழித்து நடத் தோன்றும். அதற்கும் கை வேண்டும். நிலையான விலை தேவை. ஓர் ஆண்டின் குதியாட்டம் போதாது.

கானாவில் இப்போது இன்னொரு தொல்லை. கலாம்சே எனப்படும் சட்டவிரோதத் தங்கச் சுரங்கங்கள் கோகோ நிலத்தைத் தோண்டித் தின்கின்றன. கோகோ கைவிட்ட பையன்களுக்கு அந்தக் குழிகள் காத்திருக்கின்றன.

நிறுவனங்கள் இதை ஒழிப்பதாக வாக்குக் கொடுத்தன அல்லவா?

கொடுத்தன. மூன்று முறை.

2001-ல் எலியட் எங்கல் என்ற அமெரிக்கப் பிரதிநிதி, சாக்லேட் உறையில் 'அடிமை உழைப்பு இல்லாதது' என்று முத்திரை இடும் முறையை உருவாக்க அரசுப் பணம் ஒதுக்கும் திருத்தம் ஒன்றைக் கொண்டுவந்தார். பிரதிநிதிகள் சபையில் 291க்கு 115 என்று நிறைவேறியது. சாக்லேட் நிறுவனங்கள் பதறின. செனட்டுக்குப் போவதற்குள் சமரசம் பேசி, அதே ஆண்டு செப்டம்பரில் செனட்டர் டாம் ஹார்கினும் எங்கலும் முன்னிற்க ஒரு உடன்பாட்டில் கையெழுத்திட்டன. சட்டம் போய், தாமாக முன்வந்து செய்யும் வாக்குறுதி வந்தது. கெடு 2005 ஜூலை. நடக்கவில்லை, 2008 என்றார்கள். அதுவும் நடக்கவில்லை, 2010-ல் புதிதாக எழுதி, 2020க்குள் மோசமான குழந்தை உழைப்பை 70 விழுக்காடு குறைப்போம் என்றார்கள். 2020-ல் வந்ததுதான் மேலே சொன்ன 15.6 லட்சம்.

அந்த உடன்பாட்டால் ஒன்றுமே நடக்கவில்லை என்றால் அது அநியாயம். 2002-ல் ஜெனீவாவைத் தலைமையிடமாகக் கொண்டு சர்வதேசக் கோகோ முன்னெடுப்பு என்ற அமைப்பு பிறந்தது அதன் விளைவுதான். ஆனால் அந்தத் திருத்தம் சட்டமாகியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசிக்காமல் இருக்க முடியவில்லை.

இது இந்த நூற்றாண்டில் முளைத்த பிரச்சினையா?

1900களின் தொடக்கத்தில் இங்கிலாந்தின் கேட்பரி நிறுவனம், போர்ச்சுகல் ஆண்ட சாவோ டோமே, பிரின்சிபே தீவுகளிலிருந்து கோகோ வாங்கிவந்தது. தீவில் பாடுபட்டவர்கள் அங்கோலாவிலிருந்து கொண்டுவரப்பட்ட தொழிலாளர்கள். காகிதத்தில் ஒப்பந்தம், நடப்பில் அடிமைத்தனம். கேட்பரி குடும்பமோ அடிமை முறையை எதிர்க்கும் குவேக்கர் கிறிஸ்தவர்கள். தகவல் 1901-லேயே காதுக்கு எட்டியது. விசாரித்தார்கள், ஆளனுப்பினார்கள், அறிக்கை வாங்கினார்கள், 1909 வரை கொட்டையையும் வாங்கினார்கள். 'ஸ்டாண்டர்டு' பத்திரிகை இதைக் குத்திக்காட்ட, கேட்பரி அவதூறு வழக்குப் போட்டு வென்றது. நடுவர்கள் தந்த இழப்பீடு ஒரு ஃபார்திங், அதாவது அந்நாளைய கால் பென்னி. வென்றவரை இதைவிட நன்றாக யாரும் அவமானப்படுத்த முடியாது.

அதன்பின் கேட்பரி கோகோ வாங்க எங்கே போனது தெரியுமா? கோல்டு கோஸ்ட். இன்றைய கானா.

நிறுவனங்கள் சொல்லும் 'கண்காணிப்பு' என்பது நடைமுறையில் என்ன?

கிராமத்திலேயே ஒருவரை நியமிக்கிறார்கள். அவர் கூட்டுறவுச் சங்கத்தில் உறுப்பினரான குடும்பங்களுக்கு வீடு வீடாகப் போகிறார், தோட்டத்துக்கும் போகிறார். யார் பள்ளிக்குப் போகவில்லை, யார் கையில் கத்தி என்று செல்பேசியில் பதிகிறார். பிறகு உதவி: புத்தகம், சீருடை, தாய்க்குச் சிறு சேமிப்புக் குழு, அல்லது பிறப்புச் சான்றிதழ். கடைசியாகச் சொன்னது அற்பமாகத் தோன்றலாம். ஐவரி கோஸ்டில் பிறப்புச் சான்றிதழ் இல்லாத பிள்ளை தொடக்கப் பள்ளி இறுதித் தேர்வை எழுத முடியாது. தேர்வு இல்லையென்றால் உயர்நிலைப் பள்ளி இல்லை. படிப்பு ஒரு காகிதத்தோடு நின்றுவிடுகிறது, பிறகு தோட்டம்தான்.

இந்த முறை வேலை செய்கிறது என்றே நினைக்கிறேன், எட்டும் இடத்தில். எட்டாத இடம் பெரிது. கிராமத்துச் சாலைகளில் மோட்டார் சைக்கிளிலும் லாரியிலும் வந்து ரொக்கம் கொடுத்து வாங்கிப்போகும் தரகர்களை ஐவரி கோஸ்டில் பிஸ்தெர் என்பார்கள். அவர்கள் மூட்டையில் எந்தத் தோட்டத்துக் கொட்டை என்று கேட்டால் அவர்களுக்கே தெரியாது.

இன்னொன்று: 'எங்கள் தோட்டங்களில் ஒரு குழந்தைகூட இல்லை' என்று சொல்லும் நிறுவனத்தைவிட, 'இத்தனை பேரைக் கண்டோம்' என்று எண்ணிக்கை தரும் நிறுவனத்தை நான் அதிகம் நம்புவேன். முதலாவது நிறுவனம் தேடவே இல்லை.

உறையில் சான்று முத்திரை இருந்தால் போதுமா?

இல்லாததற்கு இருப்பது மேல். ஃபேர்டிரேடு முத்திரையில் குறைந்தபட்ச விலையும் சங்கத்துக்கு ஊக்கத்தொகையும் உண்டு. அது உண்மையான பணம். ஆனால் பல முத்திரைகளின் பின்னால் 'எடைச் சமன்' என்ற முறை இருக்கிறது. ஆலை நூறு டன் சான்றுபெற்ற கொட்டை வாங்கினால், அந்த நூறு டன்னுக்குச் சமமான சாக்லேட்டில் முத்திரை போடலாம். உள்ளே இருப்பது கலந்த கொட்டையாக இருக்கலாம். பணம் சரியான இடத்துக்குப் போகிறது, கொட்டை எங்கிருந்து வந்தது என்பது தொலைந்துபோகிறது.

நெதர்லாந்தின் டோனிஸ் சாக்கோலோன்லி கதை நல்ல உதாரணம். சாக்லேட் சாப்பிட்ட குற்றத்துக்காகத் தன்னைக் கைது செய்யச் சொல்லிக் கிளம்பிய தொலைக்காட்சிப் பத்திரிகையாளர் டூன் வான் டெ கூகென் 2005-ல் தொடங்கியது. நியாயமற்ற பங்கீட்டைக் காட்ட, சாக்லேட் கட்டியையே சமமற்ற துண்டுகளாக வார்ப்பார்கள். அதையே 2021-ல் 'அடிமை இல்லாச் சாக்லேட்' பட்டியல் ஒன்றிலிருந்து நீக்கினார்கள். காரணம், பேரி காலிபோ என்ற பெருநிறுவனத்தின் ஆலையில் தன் சாக்லேட்டைத் தயாரிப்பது.

சிவகாசியில் குறைக்க முடிந்தது, அங்கே ஏன் முடியவில்லை?

சிவகாசியில் இருப்பவை தொழிற்சாலைகள். ஆய்வாளர் கதவைத் தட்டலாம். காட்டுக்குள் சிதறிய லட்சக்கணக்கான தோட்டங்களுக்குக் கதவே கிடையாது. ஆனால் சிவகாசியிலிருந்து கற்க ஒன்று உண்டு. எம்.சி. மேத்தா வழக்கில் 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், ஒரு குழந்தையை வேலைக்கு வைத்தவர் 20,000 ரூபாய் கட்ட வேண்டும் என்றதோடு நிற்கவில்லை. அந்த வீட்டுப் பெரியவர் ஒருவருக்கு ஒரு வேலையை அரசு ஏற்பாடு செய்ய வேண்டும், முடியாவிட்டால் 5,000 ரூபாயைச் சேர்த்துப் போட்டு, வட்டியைக் குடும்பத்துக்குத் தர வேண்டும் என்றது. பிள்ளையை வெளியே எடுத்தால் வீட்டில் ஒரு வருமானம் குறையும் என்பதை நீதிபதிகள் ஒப்புக்கொண்டார்கள். தீர்ப்பு முழுதாக நடைமுறைக்கு வந்ததா என்பது தனி வழக்கு; பார்வை சரியானது. மதிய உணவும் இங்கே உதவியது. பள்ளியில் சோறு போட்டால் வீட்டுக்கு ஒரு வாய் மிச்சம்.

2022 ஜனவரியில் நெஸ்லே அறிவித்த திட்டம் அதே யோசனையின் உறவுக்காரன்தான். பிள்ளைகளைப் பள்ளியில் சேர்த்தால், மரத்தைக் கவாத்து செய்தால், நிழல் மரம் நட்டால், வேறு வருமானம் தேடினால், குடும்பத்துக்கு ஆண்டுக்கு 500 சுவிஸ் பிராங்க் வரை, அதுவும் கணவன் மனைவி இருவருக்கும் பிரித்து. இரண்டு ஆண்டுக்குப் பிறகு தொகை 250 ஆகக் குறையும். விலையைக் கூட்டாமல் உதவித்தொகை கொடுப்பது எஜமானன் மனப்பான்மை என்று சிலர் கோபப்படுகிறார்கள். கோபம் நியாயம். பணம் கைக்குப் போவதும் நியாயம்.

அரசுகள் விலையைக் கூட்டக் கூடாதா?

முயன்றார்கள். 2019-ல் இரு நாடுகளும் சேர்ந்து, டன்னுக்கு 400 டாலர் 'வாழ்வுக்கான கூடுதல் தொகை' என்று அறிவித்தன. 2020-21 பருவத்திலிருந்து நடைமுறை. வாங்குபவர்கள் அந்த 400-ஐக் கொடுத்தார்கள். ஆனால் தரத்துக்காக வழக்கமாகத் தந்துவந்த கூடுதல் விலையை வேறு கையால் குறைத்துக்கொண்டார்கள். 2020 நவம்பரில், கூடுதல் தொகையைத் தவிர்க்கச் சரக்குச் சந்தையில் நேரடியாக வாங்கியதாகக் குற்றம்சாட்டி, அமெரிக்கச் சாக்லேட் நிறுவனமான ஹெர்ஷேயின் சான்றளிப்புத் திட்டங்களை இரு நாடுகளும் நிறுத்திவைத்தன. சில நாளில் சமாதானம்.

அப்படியானால் சாக்லேட் வாங்குவதையே நிறுத்திவிடலாமா?

வேண்டாம் என்பது என் கருத்து. தேவை சரிந்தால் விலை சரியும். விலை சரிந்தால் என்ன ஆகும் என்று மேலே கணக்குப் போட்டோம். உங்கள் மனம் லேசாகும், அங்கே சுமை கூடும்.

இந்தியாவில் விற்கும் சாக்லேட்டுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

பொள்ளாச்சி, ஆனைமலைப் பக்கம் தென்னந்தோப்புகளில் ஊடுபயிராகக் கோகோ நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். ஆந்திரத்திலும் கேரளத்திலும் இன்னும் அதிகம். ஆனால் உள்நாட்டு விளைச்சல் நம் ஆலைகளுக்குப் போதாது, மீதி இறக்குமதி. பொள்ளாச்சிக் கொட்டையிலிருந்தே சாக்லேட் செய்யும் சிறு தயாரிப்பாளர்கள் இப்போது இருக்கிறார்கள். அவர்களிடம் எந்தத் தோப்பு என்று கேட்டால் பதில் கிடைக்கும். பெரிய நிறுவனத்தின் பத்து ரூபாய்ச் சாக்லேட் உறையைத் திருப்பிப் பாருங்கள். எந்த நாட்டுக் கொட்டை என்பதைப் பெரும்பாலும் காணமாட்டீர்கள்.

ஐரோப்பாவில் சட்டம் வருகிறதாமே?

கட்டாய உழைப்பில் உருவான பொருள்களை விற்கத் தடைவிதிக்கும் சட்டத்தை ஐரோப்பிய ஒன்றியம் 2024-ல் நிறைவேற்றியது. 2027 டிசம்பரில் அமலாகும். கடத்தப்பட்ட சிறுவனுக்கு அது பொருந்தும். சொந்த அப்பாவின் தோட்டத்தில் கத்தி பிடிக்கும் பெரும்பான்மைப் பிள்ளைகளை அது தொடாது. விநியோகத் தொடர் முழுவதற்கும் நிறுவனத்தைப் பொறுப்பாக்கும் இன்னொரு சட்டமும் அதே ஆண்டு வந்தது. வந்த வேகத்தில் கெடுவைத் தள்ளிப்போட்டு, வரம்பையும் சுருக்கும் வேலை தொடங்கிவிட்டது.

ஒரு நிறுவனத்துக்கு எழுதிக் கேட்பதானால் என்ன கேட்பது?

'குழந்தை உழைப்பை எதிர்க்கிறீர்களா?' என்று கேட்காதீர்கள். அழகான பதில் தயாராக இருக்கிறது. உங்கள் கொட்டையில் எத்தனை விழுக்காடு எந்தத் தோட்டத்திலிருந்து வந்தது என்று தெரியும் எனக் கேளுங்கள். சந்தை விலைக்கு மேல் கிலோவுக்கு எவ்வளவு தருகிறீர்கள், எத்தனை ஆண்டுக்கு ஒப்பந்தம் எனக் கேளுங்கள். பிறகு இதையும்: ஒரு தோட்டத்தில் குழந்தை வேலை செய்வதைக் கண்டுபிடித்தால் அந்த விவசாயியிடம் தொடர்ந்து வாங்குவீர்களா? 'உடனே நிறுத்திவிடுவோம்' என்று பெருமையாகப் பதில் வந்தால் அது கெட்ட செய்தி. அந்தக் குடும்பம் அடுத்த வாரமே மூட்டையைப் பிஸ்தெருக்கு விற்றுவிடும், இன்னும் குறைந்த விலைக்கு. வீட்டுக்கு வந்து விசாரித்தவர் இனி வரமாட்டார். பையன் அதே தோட்டத்தில்தான் இருப்பான்.